தூக்கத்தில் பிடுங்கியவை

ஜனவரி 4
ரோஜா பார்சல் வந்தது. தொட்டி இல்லை, மண் இல்லை, ஓர் இலைகூட இல்லை. ஈரக் காகிதம் சுற்றிய முள் குச்சிகள், அடியில் வெறும் வேர். காசு கொடுத்து விறகு வாங்கிய ஒரே இரும்புக்கடைக்காரன் நானாகத்தான் இருப்பேன். வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். மாமியார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மண்ண உதறிட்டு அனுப்புறாங்களே, அதுக்கு வலிக்காதா மாப்பிள்ளை?"

"குளிருக்கு அது தூங்கும் அத்தை. தூங்குறப்பவே பிடுங்கிடுவாங்க. முழிச்சுப் பாத்தா வேற ஊரு."

சிரிப்பார் என்று நினைத்தேன்.

ஜனவரி 5
நட்டாயிற்று. குழிக்குள் மண்ணைக் குவித்து, அதன்மேல் வேரைக் குடை மாதிரி விரித்து, மூடி, காலால் அழுத்தி மிதித்தேன். இடையில் காற்று தங்கினால் வேர் காய்ந்துவிடும். ஒவ்வொரு மிதிக்கும் அத்தை தலையாட்டினார்.

ஜனவரி 9
அத்தைக்கு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. நாங்கள் இருவரும் கடைக்குப் போனால் அத்தை வீட்டில் தனி. போன மாதம் அடுப்பை அணைக்க மறந்தார். இதில் தப்பு என்ன? ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

"விடியக்காலைல, அரைத் தூக்கத்துல வண்டில ஏத்திடலாங்க. அம்மா அழமாட்டாங்க," என்றாள் மனைவி.

இருபத்தொன்றாம் தேதி. நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

ஜனவரி 13
அத்தை தூங்குவதில்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் கட்டிலில் நிமிர்ந்து, கண் திறந்தபடி. இமைக்கிறாரா?

"தூக்கம் வரலையா அத்தை?"

"வருது. நான்தான் விடல."

யார் சொன்னது இவருக்கு? தான் சொல்லவில்லை என்று மனைவி சத்தியம் பண்ணுகிறாள்.

ஜனவரி 16
வாளியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். பாதம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. எடுக்கச் சொன்னால், "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."

ஜனவரி 18
ரோஜா வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு குழி. நான் வெட்டவில்லை.

ஜனவரி 21
வண்டி வந்தது. அறையில் ஆள் இல்லை.

அத்தை அந்தக் குழியில் நின்றார். முழங்கால் வரை மண், அழுத்தி மிதித்த மண். தன் இரண்டு காலையும் புதைத்துக்கொண்டவர் எந்தக் காலால் மிதித்தார்?

கையாலேயே தோண்டினேன். அவர் கால்விரல் இடுக்குகளில் வெள்ளையாக, நூல் நூலாக ஏதோ மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேர் என்று எழுத மாட்டேன் — நான் வியாபாரி, பார்த்ததைத்தான் சொல்வேன். இழுத்தபோது அத்தை "ஸ்ஸ்" என்றார்.

"முழிச்சிட்டுதான் இருக்கேன் மாப்பிள்ளை. முழிச்சிருக்கறப்பப் பிடுங்கினா செத்துரும்ல?"

டிரைவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், எனக்கு இந்த சவாரியே வேணாம்," என்றார்.

எனக்கும் வேண்டாம். வண்டி போய்விட்டது. அது தெருமுனை திரும்பிய பிறகு அத்தை தானாகவே காலை உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

மார்ச் 2
எல்லாச் செடியும் துளிர்த்துவிட்டது. மனைவி மதியத்தோடு கடையிலிருந்து வந்துவிடுகிறாள். வியாபாரம் அடிவாங்குகிறது, வாங்கட்டும். அத்தையின் அறைக்கு வெளியே இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைத்துக் கொடுத்தேன், கடைச் சரக்கிலேயே கெட்டியானதாக. சாத்திக்கொண்டு தூங்குகிறார். குறட்டை தெருவரைக்கும் கேட்கிறது.

நாங்கள் கதவைத் தட்டுவதில்லை.