தையலுக்கு ஒரு பையன்

ஜூலை 4, வெள்ளி

காலையில் சாரல். மலை தெரியவே இல்லை. யூனிஃபார்ம் காயாமல் அம்மா தேய்த்துத் தேய்த்தே உலர்த்தினாள்.

ஜெயித்துவிட்டேன்!! ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் நான்தான் மாணவர் தலைவர். முத்துக்குமாரைவிடக் கொஞ்ச ஓட்டுதான் அதிகம், ஆனால் அதிகம் அதிகம்தானே. பேட்ஜ் குத்தும்போது பி.டி. சார் ஊக்கைத் தோளிலும் சேர்த்துக் குத்திவிட்டார். வலித்தது. சிரித்துக்கொண்டே நின்றேன்.

முத்து வந்து கை கொடுத்தான். "டூர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான ஜெயிச்ச, ஹரிணி. கூட்டிட்டுப் போ, பாப்போம்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

உண்மையில் டூர் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. மேடையில் மைக்கைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. கைதட்டல் நிற்கவே இல்லை.

செய்ய வேண்டியவை:
– ஹெச்.எம். டீச்சரிடம் டூர் கேட்க
– ஃபிரண்டு ஜெனியைக் கூட்டிப்போக. தனியாகப் போனால் குரல் நடுங்கும்
– அறிவியல் ரெக்கார்டு (எப்போதும் பாக்கி)

சாயங்காலம் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இருந்து போலீஸ் உடுப்போடு நேராக வந்து வாசலில் நின்று எனக்கு சல்யூட் அடித்தாள். தெருவே பார்த்தது. மானம் போயிற்று. சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா மில் ஷிஃப்ட் முடிந்து வந்து பேட்ஜைத் திருப்பிப் பார்த்து, "தங்கமா?" என்றார். தகரம்.

ஜூலை 7, திங்கள்

டூர் உண்டு! ஆனால் பாதிதான்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில், பால்கோவா காய்ச்சும் இடம். மதியம் வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணை. அணைக்குப் பையன்கள் பஸ் மட்டும். எங்கள் பஸ் கோயிலோடு திரும்பிவிடும்.

"ஏன் டீச்சர்?" என்றேன். (குரல் நடுங்கியது. ஜெனி இருந்தும்.)

"தண்ணி, காடு, மலை. பொம்பளப் பிள்ளைகளுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான்தான பதில் சொல்லணும்? கூட வர லேடி டீச்சர் ரெண்டே பேருதான் இருக்காவ."

"பையங்களுக்கு ஒண்ணுன்னா?" ஜெனி பட்டென்று கேட்டுவிட்டாள். டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வெளியே வந்துவிட்டோம்.

நோட்டீஸ் போர்டில் இன்னொரு இடி. எங்கள் எட்டாம் வகுப்புக்கு இந்த மாதம் முதல் கைத்தொழில் பாடம். தையல்: மாணவிகள். மின்சாதனப் பழுது: மாணவர்கள். மேலே பெரிய எழுத்தில் 'விருப்பப் பாடம்'. யார் விருப்பம்?

எனக்கு மின்சாரம்தான் வேண்டும். போன வருடம் மிக்சியைக் கழற்றினேன். மாட்டும்போது ஒரு திருகு மிஞ்சியது. அம்மா அடித்தாள். ஆனால் மிக்சி இன்று வரை ஓடுகிறது, அந்தத் திருகு இல்லாமலே.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் தயிர்சாதம். ஜெனி மாங்காய் ஊறுகாயைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "லேடி டீச்சர் கம்மின்னுதான சொன்னாவ? லேடிஸ் கம்மின்னு சொல்லலையே."

டிபன் பாக்ஸோடு எழுந்து நின்றுவிட்டேன். அம்மாமார்!

ஜெனியின் அம்மா நர்ஸ். உடனே சரி என்றார். என் அம்மா, "லீவு கேட்டா இன்ஸ்பெக்டர் மூஞ்சியத் தூக்குவாரு… சரி, கேட்டுப் பாக்கேன்" என்றாள். உடுப்பு போட்டு வரக் கூடாது என்று சொன்னேன். "சுடிதாருதான் போட்டு வாரேன், போடி."

முத்துவின் அம்மாவையும் கேட்கப் போனேன். உள்ளே தையல் மெஷின் சத்தம் தடதடவென்று. கூப்பிட்டதும் நின்றது. முத்து வந்தான், சட்டையெல்லாம் நூல் துணுக்கு. "அம்மா கடைக்குப் போயிருக்கு. டூருக்கெல்லாம் வராது. நைட்டி ஆர்டர் இருக்கு." கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினான். ஒரு மாதிரி பையன்.

ஜூலை 10, வியாழன்

எல்லாரும் அணைக்கு! எல்லாரும்!!

அம்மாவுக்கு லீவு கிடைத்துவிட்டது. ஏழாம் வகுப்பில் இருந்தும் இரண்டு அம்மாக்கள் கிடைத்தார்கள். பேர்களைச் சொன்னதும் ஹெச்.எம். டீச்சர் சிரித்துவிட்டார். "போலீஸ் அம்மா, நர்ஸ் அம்மா. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

படி இறங்கும்போது ஜெனியும் நானும் கத்திய கத்தலில் பியூன் அண்ணன் ஓடி வந்துவிட்டார்.

ஜூலை 12, சனி

கை வலிக்கிறது, ஆனாலும் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

வெயில். நல்ல காற்று. ராஜபாளையம் தாண்டுவதற்குள் பாட்டு ஆரம்பம், ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் எல்லாருக்கும் தொண்டை கட்டியது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பால்கோவா காய்ச்சும் இடத்தில் அடுப்புச் சூடு முகத்தில் அறைந்தது. சுடச்சுட ஆளுக்கு ஒரு கரண்டி, வாழை இலைத் துண்டில். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு முறை வாங்கித் தின்றுவிட்டு வத்திராயிருப்பில் வாந்தி எடுத்தது. ஜெனி அம்மா சமாளித்தார்.

பிறகு அணை. தென்னந்தோப்பு முடிந்து பஸ் திரும்பியதும் திடீரென்று அவ்வளவு தண்ணீர். அதற்குப் பின்னால் மலை, கைக்கு எட்டுகிற மாதிரி. உச்சியில் கறுப்பு மேகம். எட்டாம் வகுப்புப் பெண்கள் பாதிப் பேர் இதற்கு முன் இங்கே வந்ததே இல்லையாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும்!

அம்மா விசில் கொண்டுவந்திருக்கிறாள். கைப்பையில் ஒளித்து! பையன்கள் கரைப் பாறையில் ஏறியதும் ஒரு ஊதல். "ஏலே! எறங்குலே கீழ!" பி.டி. சாரும் சேர்ந்து இறங்கினார்.

அப்புறம்தான் அது நடந்தது. பந்தை எடுக்க முள்கம்பிக்குள் குனிந்தேன். சர்ரென்று ஒரு சத்தம். மேல்கோட் தோளில் இருந்து இடுப்பு வரை கிழிந்து தொங்கியது. பேட்ஜ் குத்திய கோட். தலைவர் அந்தக் கோலத்தில் குரூப் போட்டோவில் நிற்பதா? அழுகை வந்துவிட்டது.

அங்கே நின்றது முத்து மட்டும். "கழத்திக் குடு" என்றான். காலருக்கு அடியில் செருகி வைத்திருந்த ஊசியை எடுத்தான், நூலோடு. பஸ்ஸுக்குப் பின்னால் டயரில் சாய்ந்து உட்கார்ந்து தைத்தான். ஊசி போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை. போட்டோவுக்குக் கூப்பிடுவதற்குள் பல்லால் நூலைக் கடித்து முடித்துவிட்டான். தடவிப் பார்த்தால்தான் தையல் தெரிகிறது.

"எப்படிலே?"

"வீட்டுல நானும் எங்கம்மாவும்தான் தைக்கோம். நைட்டிக்குக் கழுத்து நான்தான் வைப்பேன்." ஊசியைத் திரும்பக் காலருக்கு அடியில் செருகினான். "எனக்கு அந்தப் பாடத்துல தையல்தான் வேணும். மெஷின் வச்சு சட்டை, பேண்டு எல்லாம் ஒழுங்காப் படிக்கணும். சொன்னா பயலுவ ஓட்டியே கொன்னுருவானுவ. நீ யார்ட்டயும் சொல்லாத, என்ன?"

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம்.

வீட்டில் அம்மா கோட்டைத் துவைக்கும்போது, "இது எங்கடி கிழிஞ்சது? யாரு தச்சா?" என்றாள். ஒரு ஃபிரண்டு என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

டூர் நன்றாக முடிந்த சூட்டோடு போய்க் கேட்டுவிடலாம் என்று ஜெனியும் நானும் ஹெச்.எம். அறைக்குப் போனோம். எங்களுக்கு மின்சாரம் வேண்டும், யாருக்கு எது பிடிக்கிறதோ அதை எடுக்க விடுங்கள் என்று கேட்டேன். குரல் நடுங்கவில்லை!

டீச்சர் திட்டவில்லை. யோசித்தார். "நீங்க அங்கிட்டுப் போயிட்டா இங்கிட்டு மெஷின் சும்மா கெடக்கும். தையலுக்கு எந்தப் பையன் வருவான்? ஒரே ஒரு பையனக் காட்டு. ரெண்டு பாடத்தையும் எல்லாருக்கும் தொறந்து விடுதேன்."

நாக்கு நுனியில் அவன் பேர். மு என்று சொன்னால் போதும், முடிந்தது. டீச்சர் பார்க்கிறார். ஜெனி பார்க்கிறாள். கோட்டில் அவன் போட்ட தையல் முதுகில் உறுத்துகிற மாதிரி இருந்தது.

"தெரியல டீச்சர்."

"பாத்தியா?" என்று சொல்லிவிட்டு டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

குழாயடியில் முகம் கழுவுகிற மாதிரி அழுதேன். ஜெனிக்குக் கோபம். "அம்புட்டு தூரம் பேசிட்டு ஏன் ஊமை மாதிரி நின்ன?" அவளிடமும் சொல்ல முடியாது. தலைவராக இருப்பதில் இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் முத்துவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எம்பேரச் சொல்லிட்டியா?"

"இல்ல."

பெடலை உதைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நன்றி கூட இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

கணக்குத் தேர்வு. மோசம். ஜெனி இன்னும் முழுசாகப் பேசவில்லை, ஆனால் ஸ்கேல் கொடுத்தாள். முத்து பள்ளிக்கே வரவில்லை. பயந்துவிட்டானா? நான் சொல்லியிருக்கவே கூடாதோ?

இரண்டாம் பீரியடில் மேஜைமேல் பல்லி விழுந்து பாடம் பாதியில் நின்றது. அதுதான் இன்றைய ஒரே நல்ல செய்தி.

ஜூலை 16, புதன்

எங்கிருந்து தொடங்குவது!!

பிரேயர் முடிந்ததும் முத்து ஒரு துணிப்பையோடு நேராக ஹெச்.எம். அறைக்குள் போனான். நானும் ஜெனியும் வராண்டா தூணுக்குப் பின்னால். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. வெளியே வந்தபோது காது ரெண்டும் சிவந்திருந்தது.

"நேத்து பூரா உக்காந்து ஒரு சட்டை தச்சேன்" என்றான். "டீச்சர் காலரத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. எந்தக் கடைலன்னு கேட்டாவ. நான்தான்னு சொன்னேன். நம்பல. பொறவு பட்டன் துளை ஒண்ணு அங்கேயே போடச் சொன்னாவ. போட்டேன்."

ஜெனி என்னைப் பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமாட்டி?" தலையாட்டினேன். கையைப் பிடித்துக் கிள்ளினாள், பலமாக. சமாதானம் ஆகிவிட்டது.

மூன்றாம் பீரியடில் ஹெச்.எம். டீச்சரே வகுப்புக்கு வந்தார். இரண்டு பாடமும் எல்லாருக்கும். யார் யாருக்கு எது வேண்டும், கை தூக்குங்கள். முதலில் தையல்.

பெண்கள் கைகள். நடுவில் ஒரு பையன் கை. பின் பெஞ்சில் இருந்து, "ஏலே டெய்லரு! எனக்கு ஒரு நைட்டி தச்சுத் தாலே!" வகுப்பே சிரித்தது. முத்துவின் கை கொஞ்சம் இறங்கியது. எழுந்து கத்தலாமா? கத்தினால் இன்னும் மோசமாகும்.

கை மறுபடி மேலே போனது. அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "ஏலே, நீ போட்டிருக்க பேண்டு என்ன மரத்துலயா காய்ச்சுது?"

இப்போது சிரிப்பு வேறு பக்கம். டீச்சரும் சிரித்தார். அந்தப் பின் பெஞ்சுப் பையன் தன் பேண்டைக் குனிந்து பார்த்தான்! பிறகு சந்தோஷ், யாரும் எதிர்பார்க்காத சந்தோஷ், தையலுக்குக் கை தூக்கினான். அவன் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. முத்துவே வாயைப் பிளந்துவிட்டான்.

மின்சாரத்துக்கு நானும் ஜெனியும் கை தூக்கியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "மில்லுல மோட்டாரு நின்னா உன்னையக் கூப்பிடச் சொல்லுதேன்" என்றார். கேலிதான், ஆனால் டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். அம்மா மிக்சியை எடுத்து உயரத்தில் வைத்தாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று. வழியெல்லாம் புழுதி. வாயில் மண்.

முதல் மின்சார வகுப்பு!! எலக்ட்ரிக்கல் சார் வயசானவர், பேச்சுக் குறைவு. ஓடாத டேபிள் ஃபேன் ஒன்றை மேஜையில் வைத்து, "கழட்டுங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் குழுவில் நான், ஜெனி, அந்தப் பின் பெஞ்சுப் பையன். அவனுக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவே தெரியவில்லை. ஜெனி காட்டிக்கொடுத்தாள், கொஞ்சம் அதிகமாகவே மிரட்டி.

உள்ளே ஒட்டடை, ஒரு செத்த கரப்பான். கெட்ட கண்டென்சரைப் பிரித்து எடுத்துப் புதிது மாட்டினோம். எந்த ஒயர் எங்கே என்பதில் எனக்கும் ஜெனிக்கும் சண்டை. மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும் என்றாள் அவள். நான் தலைவர் என்றேன். அது வெளிய, இங்க இல்ல என்றாள். கடைசியில் நான் சொன்ன மாதிரியே மாட்டினோம். கை, முகம், கோட் எல்லாம் கரி.

சார் ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். ஃபேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஸ்விட்சைப் போட்டார்.

சுற்றியது! சுற்றியது!! நாங்கள் மூன்று பேரும் குதித்தோம். ஆனால் எங்கள் மேல் காற்றே வரவில்லை. சாரின் தலைமுடிதான் பறந்துகொண்டிருந்தது.