உன் பட்டத்துக்கு வேண்டியிருந்த தண்ணீர்

பெற்றோலுக்காக வாகனங்கள் தெருத்தெருவாக வரிசையில் கிடந்த வருடம் அது. காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டு, சனம் பாதையோரத்தில் காத்துக்கிடந்தது. பால்மா வந்திருக்கிறது என்று யாராவது ஒரு குரல் கொடுத்தால் நம் கொட்டாஞ்சேனையே எழுந்து ஓடும். அந்த வருடம்தான் நான் வெள்ளவத்தைக் கால்வாய்த் தண்ணீரைப் போத்தலில் அடைத்து, மடியில் வைத்து, ரயிலில் கொண்டுவந்தேன்.

இன்று காலை பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவின் கீழ்த்தட்டு மூலையில் ஒரு துண்டுச் சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். "என்னப்பா அது?" என்று மகள் கேட்டாள். நூல் என்றேன். பிறகு அவளைக் கூப்பிட்டு இருத்தி, நான் சொல்லச் சொல்ல அம்மாவுக்கு எழுது என்றேன். எனக்கு எழுத்து வராது என்பதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவள் எழுதுகிறாள். நான் உன்னோடு கதைக்கிறேன்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் உங்கள் வீடு எரிந்தபோது உன் படிப்பும் அதோடு நின்றது. பிறகு கலியாணம், பிள்ளை, கொட்டாஞ்சேனையில் நேர்சரிப் பள்ளிக்கூட வேலை. ஐம்பது தாண்டிய பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "வீட்டில இருந்தே படிக்கிற டிகிரி ஒண்டு இருக்காம். சுற்றாடல் படிப்பு. நான் பதிஞ்சிட்டு வந்திட்டன்."

நம்மோடு இருந்த உன் அக்கா பிலோமினா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இந்த வயசில டிகிரி எடுத்து என்னடி செய்யப்போற? துறைமுகத்தில நிக்கிற கப்பலுக்கு வைத்தியம் பார்க்கப்போறியே?"

"கப்பலுக்கு இல்ல அக்கா, கடலுக்கு," என்றாய்.

ஒரு பட்டத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கு எப்படித் தெரியும்? முதலில் அடிப்படைப் படிப்பு. அதைத் தாண்டினால்தான் உள்ளேயே விடுவார்கள். பிறகு மண், தண்ணீர், காற்று, மரம்செடி, இவற்றைக் காக்கிற சட்டம். கணக்கு ஒரு பாடம். அதற்கு நீ அழுதாய். ஆங்கிலம் கட்டாயம், அதற்கு அழவில்லை, கண்ணாடிக்கு முன்னால் நின்று சண்டை பிடிப்பதுபோலப் பேசிப் பழகினாய். இத்தனையும் முடிந்தபிறகு கடைசியாக ஒன்று இருந்தது. ஏதாவது ஒரு இடத்தைத் தெரிந்தெடுத்து, ஒரு மழைக்காலம் முழுக்க ஆராய்ந்து, அறிக்கை எழுதி, ஆசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்லவேண்டும். அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பட்டம் இல்லை.

களனி ஆறு கிட்டத்தில் இருக்க, நீ வெள்ளவத்தைக் கால்வாயைத் தெரிந்தெடுத்தாய். உங்கள் எரிந்த வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தோறும் போனோம். உன் நெஞ்சுக்கு அந்தக் கரையால் இறங்கி ஏற முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தபடியால், தொடக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவாய், ஏறியதும் மதகுக் கட்டில் இருந்து மூச்சு வாங்குவாய். போத்தல்களில் நீ எழுதி ஒட்டிய பெயர்களை என்னால் வாசிக்க முடியாது என்பதால், எனக்காக அவற்றின் கழுத்தில் நூல் கட்டினாய். பாலத்தடித் தண்ணீருக்குச் சிவப்பு. கடல்முகத் தண்ணீருக்கு நீலம். திங்கள் எடுத்ததைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, இரவு பிரிட்ஜில் வைத்து, செவ்வாய் மத்தியானத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்கவேண்டும். ஒரு கிழமையும் தவறக்கூடாது. தவறினால் அந்த மழைக்காலமே வீண்.

அந்தச் செவ்வாயை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

செவ்வாயென்றால் உன் அக்கா கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய், நூல் கட்டிய போத்தலில் தீர்த்தம் எடுத்துவருவாள். அன்று கால்வலி, ஓட்டோவும் இல்லை. பக்கத்து வீட்டு நிமாலின் ஓட்டோ பெற்றோல் இல்லாமல் தெரு முடக்கில் கிடந்தது. தண்ணீர் குடிக்க பிரிட்ஜைத் திறந்தவள் கண்ணில் போத்தல்கள் பட்டன. கண்ணில் புரை, எழுத்துத் தெரியாது, நூல் மட்டும் தெரிந்தது. நூல் கட்டிய போத்தல், செவ்வாய்க்கிழமை, பிரிட்ஜில் பத்திரமாக. தனக்காக நாம் எடுத்துவந்து வைத்த தீர்த்தம் என்றல்லாமல் வேறென்ன நினைப்பாள்? இரவு முழுக்க அசையாமல் நின்றதில் சேறு அடியில் தங்கி மேலே தெளிந்தும் இருந்தது.

நாம் எழும்பி வந்தபோது அவள் முடக்கில் நின்று நிமாலின் ஓட்டோவுக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமால் கைகூப்பி நின்றான். அவன் பௌத்தன், ஆனால் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு அந்தப் பேதம் கிடையாது.

"அக்கா! அது கனால் தண்ணி!"

"எந்தக் கனால்?"

"வெள்ளவத்தைக் கனால்!"

அக்கா போத்தலைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "ஐயோ மாதாவே, நான் நாக்கிலயும் ஒரு சொட்டு விட்டனான்டி! உன்ர கட்டிலுக்கும் தெளிச்சுப்போட்டன், நெஞ்சு சுகமாகட்டும் எண்டு!"

நீ வாசற்படியில் இருந்து சிரித்தாய். மூச்சு முட்டும்வரை சிரித்தாய். நான் முதுகைத் தடவினேன். பிறகுதான் உன் முகம் மாறியது. இரண்டு போத்தலும் வெறும் போத்தல். அந்தக் கிழமை போய்விட்டது.

நிமாலுக்கு அன்று பின்னேரம் பெற்றோல் கிடைத்தது. வந்து வாசலில் நின்று, "அனே ஆன்ட்டி, அந்தத் தண்ணி இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டான். அவனை அடிக்கத்தான் எனக்கு மனம் வந்தது.

அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பைப் தண்ணிய நிரப்பிக் குடு பிள்ளை, அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. போன கிழமைக்கும் வாற கிழமைக்கும் நடுவாக ஒரு எண்ணைப் போட்டுவிடு என்றேன். எனக்கு உன் நெஞ்சைப் பற்றித்தான் யோசனை. இன்னொரு மழைக்காலத்துக்கு நீ இருப்பாயா என்று பயம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உனக்கு விளங்கியிருக்கும்.

"இஞ்சேருங்கோ," என்றாய், "அந்தக் கனாலைப் பற்றி ஆளாளுக்குப் பொய் சொல்லித்தான் அது இந்தக் கோலத்தில கிடக்குது. நானும் ஒண்டு சொல்லவா?"

அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்கினோம். பெற்றோல் வந்துவிட்டது, உன் நடை போய்விட்டது. நான் தனியாகப் போனேன். கால்வாயில் இறங்கி நின்று உனக்குப் போன் எடுப்பேன். நீ கட்டிலில் இருந்து கேட்பாய்.

"நிறம்?"

"பிளேன் டீ மாதிரி. சாயம் கொஞ்சம் கூட."

"மணம்?"

"உன்ர அக்காவின்ர கருவாட்டுக் குழம்பு பரவாயில்லை."

"ஒழுங்காச் சொல்லுங்கோ!" அக்கா பின்னால் நின்று ஏசுவது எனக்குக் கேட்கும்.

ஒருநாள் எல்லாம் கேட்டு முடித்தபிறகும் நீ போனை வைக்கவில்லை. "எங்கட வீடு நிண்ட இடத்தில இப்ப என்ன இருக்கு?" என்றாய்.

"மாடி வீடு. பல்கனியில உடுப்புக் காயுது."

"என்ன உடுப்பு?"

"பள்ளிக்கூட உடுப்பு. வெள்ளை. சின்னப் பிள்ளையின்ர."

"சரி. போத்தலை நிழல்ல வையுங்கோ," என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அறிக்கை எழுதி முடிந்தது. கேள்வி கேட்கும் நாளில்தான் மற்றப் பிரச்சினை. படிக்கிறவரே தண்ணீரை எடுக்கவேண்டும் என்பது விதி. நிமால்தான் நம்மை ஏற்றிப்போனான். வழியெல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்: "நான் எடுத்ததெண்டு சொல்லாத. ஆரும் கண்டதா? ஒருக்காப் போனது காணும், இன்னுமொருக்கா உன்னால ஏலாது." நீ ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாய். "அங்கிள், விடுங்க, ஆன்ட்டி கேக்கமாட்டாங்க," என்றான் நிமால்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். கால்வாயைப் பற்றி நிறையக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் சொன்னாய். கடைசியில் ஆசிரியர்களில் ஒரு மிஸ் கேட்டார்: "ஒவ்வொரு கிழமையும் நீங்களே இறங்கி எடுத்தீங்களா?"

"இல்ல மிஸ். எனக்கு நெஞ்சு வருத்தம். இடமும் நேரமும் நான் சொன்னது. எடுத்தது வேற ஆள்."

"ஆர் எடுத்தது?"

நீ பேசாமல் நின்றாய். எல்லாம் முடிந்தது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகுதான் விளங்கியது, நீ தயங்கியது விதிக்குப் பயந்து அல்ல. இத்தனை வருடத்தில் என் பெயரை நீ வாயால் சொன்னதில்லை. வீட்டில் இஞ்சேருங்கோ, வெளியில் மகளின் அப்பா. கோவில் பங்குக்காரர் கேட்டால்கூட என்னைத் திரும்பிப் பார்ப்பாய், நான் சொல்வேன். அன்று நீ திரும்பவில்லை. முழுப் பெயரையும் சொன்னாய், தகப்பன் பெயரோடு, மெதுவாக, அந்த மிஸ் எழுதுவதற்கு வசதியாக.

"அதை அறிக்கையிலயும் எழுதுங்கோ," என்றார் மிஸ். "மறைச்சிருந்தாத்தான் எங்களுக்குக் கஷ்டம்."

பாஸ் என்று வந்தது. கறுப்பு அங்கி போட்டு, வேர்த்து வழிந்து, "இதையும் சுற்றாடல் பாடத்தில சேர்க்கவேணும்," என்று முணுமுணுத்துக்கொண்டு மேடையேறினாய். அக்கா முன்வரிசையில் இருந்து சத்தமாக அழுதாள். அதற்குப் பிறகு எனக்கு நீ அதிக நாள் கிடைக்கவில்லை.

இப்போதும் மருந்து வாங்க வெள்ளவத்தைக்குப் போனால், பாலத்தில் நின்று குனிந்து பார்க்கிறேன். நிறம் என்ன, மணம் என்ன என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். போன மழைக்கு ஒரு கொக்கு நின்றது, அதையும் சொன்னேன். கேட்கிறவர்களுக்குக் கிழவனுக்குப் பைத்தியம் என்று தோன்றும். தோன்றட்டும்.

அக்கா தவக்காலத்தில் போய்விட்டாள், நித்திரையிலேயே. நிமாலை ஓட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அந்தத் தண்ணீர் பட்ட நம் நாலு பேரில் இன்றைக்கு உயிரோடு இருப்பது அந்த அறையில் நீ பெயர் சொன்ன ஆள் மட்டும்தான்: அந்தோனிப்பிள்ளை சவரிமுத்து.