மிதிக்கக் கனமான ஆள்

அக்டோபர் 14, திங்கள்
ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள். "எல்லையில நிக்கறீங்க. தை முடிஞ்சு வாங்க. எடை குறையலன்னா மாத்திரைதான்" என்றார் டாக்டர் அம்மா. கன்னியப்பன் அண்ணனுக்கும் எல்லையில்தான் ஆரம்பித்தது. இப்போது அவருக்கு வலது காலில் கட்டைவிரல் இல்லை. பயத்தில் வீட்டுக்கு வந்து எண்ணெயில்லாத தோசை ரெண்டே ரெண்டு சாப்பிட்டேன். அப்புறம் இன்னொரு ரெண்டு.

அக்டோபர் 20, ஞாயிறு
மகள் வினோதினி நர்ஸிங் படிக்கிறாள். "நாலு பேரு கேட்டாத்தான் உனக்கு ரோஷம் வரும்பா" என்று வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்துவிட்டாள். பேர் 'அப்பா இளைக்கணும்'. சொந்தக்காரர்கள், டீக்கடை அந்தோணிராஜ், எங்க உப்பளத்து மேஸ்திரி சாலமன் எல்லாரும் உள்ளே. ஞாயிறு தோறும் உப்பு மூட்டை போடுற தராசில் நான் ஏறணும். சாலமன் போட்டோ எடுத்துப் போடணும். இன்றைக்கு தொண்ணூற்று நாலு. "ரெண்டு மூட்டைக்கு ஆறு கிலோதான் கம்மி. லாரில ஏத்திடலாமாடா?" என்றான் சாலமன்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

நவம்பர் 6
வடை கேட்டேன். அந்தோணிராஜ் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டான். "பாப்பா திட்டும்ணா." கடையே என் வயிற்றைப் பார்த்தது.

நவம்பர் 19
எழுதலாமா? எழுதுகிறேன், யார் படிக்கப் போறாங்க. ஊரில் எவன் கண்ணிலும் படக்கூடாது என்று பஸ் ஏறி கீழ்புத்துப்பட்டு போய் பரோட்டா சாப்பிட்டேன். நாலு. நம்ம ஊரில் ரெண்டோடு எழுந்துவிடுவேன். அவ்வளவு தூரம் போய் ரெண்டோடு எப்படி வருவது?

டிசம்பர் 1, ஞாயிறு
தொண்ணூற்று ஏழு. குரூப்பில் வரிசையாக அழுகிற பொம்மைகள். பெண்டாட்டி சுலோசனா சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் போட்டாள். வினோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியப்பா கால பாத்தப்புறமும் உனக்கு வெக்கமே இல்லியாப்பா?"

இருக்குது கண்ணு. அதுதான் பஸ் ஏத்தி விடுது.

— இதைச் சொல்லவில்லை. எழுதத்தான் வருது.

டிசம்பர் 15
அளத்தில் மழைத் தண்ணி நிற்கிறது. வேலை இல்லை. பழசெல்லாம் ஓடுது.

இருபது வயசில் எனக்கு 'ஓணான்' என்று பேர். தை பிறந்து தண்ணி வடிந்ததும் உப்புப் பாத்தி மிதிப்போம். தோளில் கை போட்டு வரிசையாக, அடிமண் இறுகுகிறவரைக்கும். இறுகலன்னா உப்பு சேறாத்தான் வரும். "ஓணான் மிதிச்சா தடமே விழாதுடா" என்று என்னைக் குடம் தூக்க அனுப்பிவிடுவார்கள். ரோஷத்தில் ரெண்டு ஆள் கஞ்சி குடித்தேன். கருவாட்டைச் சுட்டு தன் பங்கையும் எனக்கே போடுவாள், அப்போது இன்னும் பெண்டாட்டி ஆகாத சுலோசனா. அந்த வாசனை இப்பவும் மூக்கில் நிற்குது. கிலோ கணக்கெல்லாம் உப்புக்குத்தான். எங்களுக்கும் எடை உண்டு என்று யாருக்குத் தெரியும்?

பத்தாவது பாஸ் என்று லோடு எழுத நாற்காலியில் உட்கார வைத்தார்கள். படிப்பு தந்த தொப்பை இது. அன்றைக்குக் கேலி பண்ணினார்கள், எடை ஏறவில்லை. இன்றைக்குப் பண்றாங்க, இறங்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு
சாலமன் வந்தான். தராசுக்கு என்று நினைத்து சட்டையைத் தேடினேன். "அது கெடக்குதுடா. மிதிக்க ஆளில்ல. வர்ற பசங்க எல்லாம் காத்துல பறக்கறானுங்க. கனமான ஆளு வேணும். வர்றியா?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

ஜனவரி 20
போனேன். பயந்த மாதிரி வழுக்கவில்லை. கால் வைத்ததும் மண் அடங்கியது. பக்கத்தில் மிதித்த பாக்கியலட்சுமி, "அண்ணன் மிதிச்ச எடம் பலக கணக்கா இருக்குது பாரு" என்றாள். எல்லாரும் பார்த்தார்கள். வயிற்றை இல்லை, காலை. மத்தியானம் எல்லாரோடும் கஞ்சி. ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை, தூங்கிவிட்டேன்.

ஜனவரி 27
இடுப்பு விட்டுப்போச்சு. நாளைக்கும் போறேன். சாயங்காலம் ஆனால் வினோதினி என் பாதத்தை மடியில் வைத்து, செல்போன் வெளிச்சத்தில் காயம் இருக்கா என்று பார்க்கிறாள். நான் அவள் பாதத்தில் முள் எடுத்ததெல்லாம் போன வருஷம் மாதிரி இருக்குது.

பஸ் ஏறி நாளாச்சு. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பிப்ரவரி 13
டாக்டர் அம்மா மாத்திரை எழுதவில்லை. "இப்படியே இருங்க, ஆடியில பாப்போம்." பஸ்ஸில் வினோதினி, "குரூப் வேலை செஞ்சுதுல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். கெடுப்பானேன்?

பிப்ரவரி 14
கடைசிப் பாத்தி. சாலமன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த மூலைக்கு நீ பத்தமாட்டடா" என்றான். சுருக்கென்றது. நிஜமாவே வருத்தந்தான்.

வரப்பில் லாரி டிரைவர் காசிலிங்கம் நின்றுகொண்டிருந்தார். நூறு கிலோவுக்குக் குறையாது. சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். பசங்களில் ஒருத்தன் வாயைத் திறக்கப் போனான்.

"ஏம்பா காசிலிங்கம், செருப்ப கழட்டிட்டு எறங்கு" என்றேன். "இந்த மூலைக்கு உன்ன விட்டா ஆளில்ல."

தோளைக் கொடுத்தேன். கையைப் போட்டுக்கொண்டார்.