இன்னொரு நாட்டின் நாற்காலி

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று நழுவிவிடுவாய் என்றுதான் கணினி முன்னால் உட்கார்ந்து கடிதமாகவே தட்டுகிறேன். மேலோட்டமாக மேயாமல் முழுசாகப் படி.

நச்சுப்பொருள் வணிக மாநாடு நடக்கிற மண்டபம் பெரிது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு மைக். எங்கள் தொழிலாளர் நலச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகளுக்குக் கடைசி வரிசை. பார்வையாளர்கள் என்று பெயர். எல்லா நாடுகளும் பேசி முடித்து, நேரம் மிச்சமிருந்தால், அவைத்தலைவருக்கு மனசும் இருந்தால், எங்கள் மைக்கில் விளக்கு எரியும். அதுவும் இரண்டே நிமிடம். பேச்சு சூடு பிடித்தால் போதும், கதவைச் சாத்திவிட்டு எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அதற்காகச் சும்மா இருப்போமா? காபி மெஷினுக்குப் பக்கத்தில்தான் எங்கள் அலுவலகம். வேறொரு நாட்டு வக்கீலம்மா மடிக்கணினியில் பத்தி பத்தியாக எழுதுகிறாள். தொழிலாளிகளின் விவரத்தை நான் சொல்கிறேன். அச்சடித்து, கழிப்பறைக்குப் போகிற பிரதிநிதியைக்கூட விடாமல் வழிமறித்துக் கையில் திணிக்கிறோம். மறுநாள் ஏதோ ஒரு நாடு அதைத் தன் சொந்தக் கருத்துப் போல வாசிக்கும். சமைப்பது நாங்கள், பரிமாறுவது அவர்கள். பசித்தவனுக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

கல்நார்த் தகடு, அதான் நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ், இந்த முறை எச்சரிக்கைப் பட்டியலில் ஏறியாக வேண்டும். ஏறினால், விற்கிற நாடு வாங்குகிற நாட்டிடம் "இதன் தூசி நுரையீரலைத் தின்னும்" என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான். தடை செய்யக்கூட நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் ஏறாது. போன மாநாட்டில் மறுத்தது நம் நாடு. "மேலும் ஆய்வு தேவை" என்றார்கள். நம் தூதுக்குழு இங்கே வாசிப்பதை அங்கே அமைச்சகத்தில் எழுதுகிறவன் நீ. பார்த்து எழுதுடா.

உன் அத்தானுக்கு மருந்து தீரும் நேரம். மகளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் ஒரு எட்டுப் போய்ப் பார். தகடு அறுக்கிற மெஷினில் பாதி ஆயுளைப் போட்ட மனுஷன், இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குகிறார்.

அன்புடன்,
அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

முழுசாகவே படித்தேன். ஞாயிறு தவறாமல் அத்தானைப் பார்க்கப் போகிறவன் நான். எனக்கே நினைவூட்டுகிறாயே!

நான் எழுதுகிறவன்தான், முடிவு எடுக்கிறவன் இல்லை. தொழில் துறை ஒரு பக்கம் இழுக்கிறது, ஆலை முதலாளிகள் இன்னொரு பக்கம். என் வேலை நடுவில் நின்று வாக்கியம் அமைப்பது.

உனக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். தூதுக்குழுத் தலைவரிடம் பேசிவிட்டேன். உன்னை நம் குழுவிலேயே ஆலோசகராகச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். நாளைக்கு உனக்குச் சிவப்பு அட்டை வரும். மூடிய கதவுக்குள் போகலாம், நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்காரலாம். ஒரே நிபந்தனை, உள்ளே நீயாக எதுவும் பேசக் கூடாது. தலைவர் காதில் சொல்லலாம்.

வெளியே நின்று கத்தியது போதும் அக்கா. உள்ளே இருந்தால்தான் காரியம் ஆகும். எனக்கு வெளிநாட்டுப் பதவி உயர்வு கனிந்துவருகிற நேரம் வேறு. அக்காவும் தம்பியும் ஒரே பக்கம் நிற்பது யாருக்குத்தான் பிடிக்காது?

என்றும் உன்,
தம்பி

மே 8

தம்பி,

பார்வையாளர் அட்டையைக் கொடுத்துவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டேன். மாட்டியதும் வாசல் காவலர்கூட வணக்கம் வைத்தார். வக்கீலம்மா மட்டும் என் கழுத்தையே பார்த்துவிட்டு, "உள்ளே போனா எங்களை மறந்துடாதே" என்றாள். சிரித்துக்கொண்டே போனேன். புத்தி எங்கே போயிற்றோ!

மூடிய அறையில் நீள மேசை, பிஸ்கட் தட்டு, தூக்கக் கலக்கத்தில் பத்துப் பதினைந்து பேர். உங்கள் தலைவர் காகிதத்தைப் பிரித்தார். "எங்கள் நாட்டில் கல்நாரால் பாதிக்கப்பட்டவர் எவரும் பதிவாகவில்லை" என்று வாசித்தார். உன் எழுத்து நடை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து திருத்திக்கொண்டு வந்தவள் நான்.

காதில் சொல்லலாம் என்றாயே, குனிந்து சொன்னேன். "சார், என் வீட்லயே ஒருத்தர் இருக்கார்" என்றேன். அவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நிமிர்ந்து, என்னைக் கைகாட்டி, "பாதிக்கப்பட்டவர்களுக்காக உழைக்கும் அமைப்பே எங்கள் குழுவில் இருக்கிறது, எங்கள் நிலைப்பாட்டுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கக் கூடாது. பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இதற்காகத்தானா எனக்கு அட்டை வாங்கித் தந்தாய்? உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் மறைக்காமல் சொல்.

அட்டையைக் கழற்றி பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பழைய அட்டையைக் கேட்டுப் பதிவு மேசைக்குப் போனால், "ஒரே மாநாட்ல ரெண்டு அட்டை கிடையாதும்மா" என்றாள் அந்தப் பெண். சங்கத்திலிருந்து வந்தது நான் ஒருத்தி. எங்கள் இரண்டு நிமிடமும் போயிற்று. நல்ல வேலை பார்த்தாய், தம்பி.

ஆனால் உன் அக்கா அவ்வளவு சீக்கிரம் மூட்டை கட்டுகிறவள் இல்லை. இங்கே ஒரு குட்டித் தீவு நாடு இருக்கிறது. நிறையப் பேரை அனுப்பப் பணமில்லாமல் ஒரே ஒரு பிரதிநிதியை அனுப்பியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் கூட்டம் நடக்கும், மனுஷன் எத்தனை அறைக்கு ஓடுவார்? எங்கள் பத்திகளை வாசித்து உதவுகிறவரும் அவர்தான். எந்த நாடும் எந்த ஊர்க்காரரையும் தன் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமாம். தொண்டு அமைப்பு ஆட்கள் இப்படிச் சின்ன நாடுகளுக்காக உட்காருவது ரொம்ப நாளாக நடக்கிறதென்று வக்கீலம்மா சொன்னாள். தீவுக்காரர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு நாடே எழுதிக் கேட்டால் பதிவு மேசை புது அட்டை தந்தாக வேண்டுமாம். திங்கள்கிழமை பொது அவையில் அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்காரப்போகிறேன். அங்கே மைக்கில் விளக்கு எரியும்.

அக்கா

மே 9

அக்கா,

செய்துவிடாதே. கைகூப்பிக் கேட்கிறேன்.

உன்னைக் காட்டிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான். அதில் பொய் எங்கே இருக்கிறது, சொல். ஆலை டாக்டர் அத்தானுக்கு ஆஸ்துமா என்றுதானே எழுதினார்? யாருக்குமே கல்நார் என்று எழுதியதில்லை. "பாதிக்கப்பட்டவர் இல்லை" என்று நான் எழுதவில்லை, "பதிவாகவில்லை" என்றுதான் எழுதினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சொந்த நாட்டுக்கு எதிராக வேற்று நாட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் இங்கே என்ன பேசுவார்கள் தெரியுமா? இப்போதே லிஃப்டில் என்னோடு ஏறத் தயங்குகிறார்கள். பதவி உயர்வு போனால் போகட்டும். நாளைக்கு உன் சங்கத்தின் பதிவையே ரத்து செய்தால்? அத்தான் வைத்தியத்துக்கு நீ எங்கே போவாய்?

என்னை வளர்த்தவள் நீ. என்னை நினைத்தாவது விட்டுவிடு.

தம்பி

மே 11

தம்பி,

உன்னை நினைத்தேன். நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

நாற்காலி சாதாரண நாற்காலிதான், கொஞ்சம் ஆடியது. நம் நாட்டுக்காரர்கள் நாலு மேசை தள்ளி. உங்கள் தலைவர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். நான் மைக்கை இழுத்ததும் எழுந்துவிட்டார். "இவர் எங்கள் குடிமகள், இன்னொரு நாட்டுக்காக எப்படிப் பேசலாம்?" என்றார். அவைத்தலைவர் விதியைப் புரட்டிப் பார்த்தார். "யார் பேச வேண்டும் என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும். அம்மா, தொடருங்கள்" என்றார்.

"எங்கள் தீவு இந்தத் தகட்டைத்தான் வாங்கிக் கூரை போடுகிறது. விற்கிற நாட்டில் பாதிக்கப்பட்டவர் எவரும் பதிவாகவில்லை என்கிறார்கள். பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உன் அத்தான் பெயரையும், அவர் வேலை பார்த்த பிரிவையும், இப்போது எப்படித் தூங்குகிறார் என்பதையும் சொன்னேன். கூட வேலை பார்த்துச் செத்தவர்களின் பெயர்களையும் சொன்னேன். எதையும் பார்த்துப் படிக்கவில்லை. அவர்கள் வீட்டு இழவுக்கெல்லாம் போனவள் நான், பார்த்தா படிக்க வேண்டும்? பின்வரிசையில் வக்கீலம்மா எழுந்து நின்றாள். அப்புறம் அந்த வரிசையே எழுந்து நின்றது.

நாடுகள் ஒவ்வொன்றாகச் சம்மதம் சொல்லின. மிச்சம் நம் நாடு மட்டும்தான். உங்கள் தலைவர், "தலைநகரத்தைக் கேட்க வேண்டும்" என்று அவகாசம் வாங்கிக்கொண்டு போனோடு வெளியே போயிருக்கிறார். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும்.

தலைநகரம் என்றால் யார்? உன் மேசைதானே! நடுவில் நின்றது போதும், தம்பி. எழுது.

அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

இந்நேரம் உனக்கே தெரிந்திருக்கும். "நிலைப்பாட்டில் மாற்றமில்லை." நான்தான் தட்டினேன். மேலதிகாரி என் பின்னாலேயே நின்றார். நான் மறுத்திருந்தால் பக்கத்து மேசைக்காரன் தட்டியிருப்பான், அதே வாக்கியம்தான் போயிருக்கும்.

என்ன வேண்டுமானாலும் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ வந்ததும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன். அத்தானிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் மனசு தாங்காது.

உன் தம்பி

மே 15

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பேசாமல் இருக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும்.

பக்கத்து மேசைக்காரன் தட்டியிருக்கலாம். அவன் அக்கா என்னைப் போல வந்து அவனைக் கேட்டிருப்பாள். உன்னைக் கேட்க வேண்டியவள் நான்.

நாங்கள் தோற்றோம் என்று எண்ணாதே. மறுத்தது ஒரே ஒரு நாடு என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் எழுதிவிட்டார்கள். அடுத்த மாநாட்டுக்கு இன்னும் இரண்டு நாடுகள் என்னை ஆலோசகராகக் கேட்டிருக்கின்றன. சங்கத்தின் பதிவை ரத்து செய்தால் செய்யட்டும், வேறு பெயரில் வருவேன். எந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இடம் கிடைத்தாலும் அங்கே உட்காருவேன்.

அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் மனசு தாங்கியது. நம் ஆட்கள் பெயரையெல்லாம் விடாமல் சொன்னாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நான் தூக்கி வளர்த்த பிள்ளை நீ. வந்ததும் நேராக அவர் கட்டிலுக்குப் போ. அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, "பாதிக்கப்பட்டவர் எவரும் பதிவாகவில்லை" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்து சொல். அப்புறம் கை கழுவிக்கொண்டு வா, உனக்கு இலை போடுகிறேன்.

சொல்ல முடியாதென்றால் வாசலோடு போய்விடு.

உன் அக்கா