டிரைவர் கிடைக்கவில்லை

அக்கா,

உன் கம்ப்யூட்டரை இன்று திறந்தேன். பக்கவாட்டுத் தகடு லேசில் வரவில்லை. தட்டி இழுத்ததும் உள்ளிருந்து நாற்றம் வந்து முகத்தில் அடித்தது. நம் பனியன் கம்பெனியில் பறக்கிற பஞ்சு மெத்தைபோல அடைந்து, விசிறி இருக்கும் இடமே தெரியவில்லை. அதற்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுத் துணிகளை இழுத்து வந்து, நீலமும் ரோஸும் சாம்பலுமாகக் கூடு கட்டி, அதன்மேலேயே மூத்திரம் பெய்து, அது காய்ந்த பிறகு மறுபடியும் பெய்திருக்கிறது. ஓரத்தில் பல்லி முட்டை ஓடுகள், கரப்பான் இறக்கைகள். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு பழைய ஸ்கேலால் நோண்டி எடுத்தேன். வெளியே நீ ஒட்டிவைத்த மாதா படம் மட்டும் சுத்தமாக இருந்தது.

நீ இருந்தவரை உன்னை நான் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். “ரெண்டு வயசு மூத்தவளுக்கு எதுக்குட்டி இத்தனை ‘ங்க’? ஒருநாளாவது நீன்னு சொல்லித் தொலை” என்பாய். எங்கள் கணியூர்ப் பக்கம் கொல்லைக்குள் வந்த ஆட்டைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவார்கள் என்று நான் சொன்னதற்கு நீ சிரித்த சிரிப்பில், மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். பேச்சில் ஒருநாளும் வராத ‘நீ’ எழுத்தில் தானாக வந்துவிட்டது. அந்த ‘ங்க’வின் மேல் எனக்கு இன்று அருவருப்பாக இருப்பதும் ஒரு காரணம்.

காலையில் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். “கண்ணு, அந்த மூலை சிஸ்டம் சும்மாதானுங்க கெடக்குது. அதைக் கொஞ்சம் ரெடி பண்ணிருங்க. பேக்கிங்குக்குப் புதுப் புள்ளை ஒண்ணு திங்கக்கெழமை வருது. பையர் ஆளுங்க வேற ஆடிட்டுக்கு வர்றாங்க. சீட்டு காலியா இருந்தா நல்லா இருக்காதுங்க.”

“வேற ஒண்ணு வாங்கிக்கலாங்களே சார். அது ரொம்பப் பழசுங்க” என்றேன்.

“அது நல்லாத்தானுங்க இருக்குது. ஆளுதான் இல்லை.”

சொல்லிவிட்டு வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரித்தார். ஒரு மனுஷியை இத்தனை மரியாதையான வார்த்தைகளால் துடைத்துப்போட முடியும் என்பதை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் என்றால் ஏ.சி. அறையும் கண்ணாடிக் கதவும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்தது இந்தத் திருப்பூர்க் கம்பெனியின் மாடி அறையில். கார்ட்டன் பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்கிற வேலை, பேக்கிங் லிஸ்ட் போடுகிற வேலை. நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்திருந்தாய். “ரெண்டு படிச்ச புள்ளைங்க இருக்கறப்ப சர்வீஸ் ஆளு எதுக்குங்க?” என்பது மேனேஜரின் கொள்கை. எவனோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை அள்ளி வந்து வைத்திருந்த கம்பெனி அது. அவற்றில் எது படுத்தாலும் நாம்தான் எழுப்ப வேண்டும்.

அந்த இடி விழுந்த மாதம் நினைவிருக்கிறதா? நெட்வொர்க் ஒயர் வழியாக மின்னல் இறங்கி, இரண்டு பெட்டிகளிலும் ஒயர் செருகுகிற இடம் செத்துப்போயிற்று. மேனேஜர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கேரிபேக் நிறைய நெட்வொர்க் கார்டுகளை வாங்கி வந்து, கத்திரிக்காய் கொட்டுவதுபோல மேஜைமேல் கொட்டினார். அட்டைப்பெட்டி இல்லை, சி.டி. இல்லை. ஒன்றிரண்டில் துரு. அதில் ஒன்றைத் துடைத்துச் செருகி நீ கம்ப்யூட்டரைப் போட்டாய். திரையில் வந்தது: டிரைவர் கிடைக்கவில்லை.

கார்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதோடு பேசுகிற மொழி கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கும் சின்ன மென்பொருளுக்குப் பெயர்தான் டிரைவர். அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கார்டு ஓட வேண்டும். “ஊருக்குப் போற பஸ்ஸுக்கு டிக்கெட்ட ஊருக்கு வந்து வாங்கிக்கோன்னு சொல்லுதான் பாத்தியா” என்று நீ தலையில் கைவைத்துக்கொண்டாய்.

நம் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்த மேனேஜர், “ஏனுங்க, டிரைவர் இல்லீங்கறது? கீழதான வேன் கழுவிட்டு நிக்கறாரு” என்று சொல்லி, நாம் தடுப்பதற்குள் ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டும்விட்டார். டிரைவர் அண்ணன் முழங்கை வரை சோப்பு நுரையோடு மாடியேறி வந்தார். “என்னங்க சார், டையிங் பட்டறைக்குப் போகோணுங்களா?”

“போகவேண்டாம்ணே. இந்தப் பெட்டி ஒங்களத்தான் தேடுது” என்றாய் நீ.

அன்றிலிருந்து அவர் கம்ப்யூட்டர் டிரைவர். காலையில் வேனில் ஏறும்போதெல்லாம் “கார்டு ஓடுதுங்களா, இல்ல நானே வந்து ஓட்டட்டுங்களா?” என்று கேட்பார். நீ கதவோரச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “மொதல்ல இதை ஒழுங்கா ஓட்டும்” என்பாய்.

கார்டின்மேல் ஒட்டியிருந்த பெயரை நம்பி, என் போனில் ஒரு டிரைவரை இறக்கி நான் ஏற்றினேன். திரை நீலமாகிச் செத்தது. நீ கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாய். ஸ்டிக்கர் ஒரு கம்பெனியுடையது. அடியில் சிப்பில் பொறித்திருந்த எண் வேறு எதனுடையதோ. “மேல ஒட்டுன ஸ்டிக்கர நம்பாதட்டி. சிப்புல என்ன எழுதிருக்குன்னு பாரு” என்றாய். நாள் முழுக்க ஸ்டிக்கர் அடித்துப் பிழைக்கிற நாம் இரண்டுபேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த எண்ணை வைத்துத் தேடியபோது சரியான டிரைவர் கிடைத்தது. இனி எது செத்தாலும் அலைய வேண்டாம் என்று எல்லாக் கார்டுகளின் டிரைவர்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுவைத்தாய்.

பிறகு கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. நான் சாப்பாட்டு வேளையில் “ஊட்டுக்குப் போகோணும்” என்று சொல்லும்போதெல்லாம் நீ என்னைப் படுத்தி எடுப்பாயே, அந்தக் குறும்பில் உன்னுடையதற்கு ‘வீடு’ என்றும் என்னுடையதற்கு ‘ஊடு’ என்றும் ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டாய். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்க்கிற கட்டளையைக் கொடுத்தோம். வீட்டிலிருந்து பதில் வந்தது என்று என் திரையில் வரிவரியாக ஓடியது. “பாத்தியா, ஊடு கூப்ட்டா வீடு வருது” என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கணியூரில் இருந்தேன். கப்பலுக்குப் போகிற சரக்கு முடியவில்லை என்று உங்களையெல்லாம் வேலைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். டிரைவர் அண்ணன் தங்கை வீட்டுப் புதுமனை விழாவுக்காகக் காங்கேயம் போயிருந்தார். லீவு சொல்லிவிட்டுத்தான் போனார். மேனேஜர் வேன் சாவியை எடுத்து, துணி தேய்க்கிற அயர்ன் மாஸ்டர் கையில் கொடுத்தார். அன்று ஒடிந்த கால் கூடி வேலைக்குத் திரும்பிய பிறகு, ஸ்டீம் டேபிளைப் பிடித்துக்கொண்டு அவரே என்னிடம் சொன்னார். “எனக்கு டூவீலர் மட்டுந்தான் ஓட்டத் தெரியும்னு சொன்னேன்மா. ‘கிட்டத்துலதானுங்க, மெதுவா ஓட்டிட்டு வாங்க’ன்னாரு.” நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் வேன் போய் ஏறியது, கதவுப் பக்கமாக. அங்கே நீ உட்கார்ந்திருந்தாய்.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். “வண்டிய யாருய்யா ஓட்டுனா?” என்று அவர் மேனேஜரைக் கேட்டார்.

“டிரைவர்தானுங்கம்மா. பழைய ஆளுதானுங்க. நம்ம நேரம் சரியில்லீங்க.”

“அவன் கை வெளங்குமா?” என்று உன் அம்மா மண்ணை வாரிப்போடுவதுபோல வெறுங்கையை வீசினார். அந்தச் சாபம் தங்கை வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் தலையில் போய் விழுந்தது. போலீஸ், இன்ஷூரன்ஸ் என்று எல்லா இடத்திலும் டிரைவர் அண்ணன் பெயரைத்தான் கொடுத்தார்கள். அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் அப்புறம் கம்பெனிப் பக்கமே வரவில்லை.

கேட்டுக்கு வெளியே உனக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்தார்கள். உன் பெயரைவிட முதலாளி குடும்பத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மழை பிடித்ததும் அதே பிளக்ஸைக் கழற்றி கார்ட்டன் அடுக்கின்மேல் போட்டு மூடினார்கள், உன் முகம் உள்பக்கமாக. நான் அடித்த ஸ்டிக்கர்களின்மேல் நீ குப்புறக் கிடந்தாய்.

இன்று நடந்ததற்கு வருகிறேன். உன் பெட்டியைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் மேனேஜர் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி, பெட்டியின்மேல் பிழிந்தார். சாறு தகடு வழியாக உள்ளே இறங்குவதைத் துணியால் தடுத்தேன். “ஒண்ணுமில்லீங்க கண்ணு, போனவங்க உட்கார்ந்த சீட்டு பாருங்க. புதுசா வர்ற புள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அப்புறம் அவங்க வெச்ச பேரு ஒண்ணு இருக்குமே, அதையும் எடுத்துருங்க. பேக்கிங் டூன்னு போட்டுருங்க.”

குங்குமமும் எலிமூத்திரமும் கலந்த சிவப்புத் தண்ணீர் மாதா படத்தின் விளிம்பில் வந்து நின்றது. என் விரலால் அதைத் துடைத்தேன்.

உன் கார்டை எலி கடித்துவிட்டிருந்தது. கேரிபேக்கில் மிச்சமிருந்த ஒன்றைச் செருகிப் போட்டேன். அதே வரி வந்தது: டிரைவர் கிடைக்கவில்லை. மேனேஜர் குனிந்து படித்தார். பழைய வேடிக்கை ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு. பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, “பாருங்க, மறுபடியும் டிரைவர் இல்லீங்கறது. நம்ம கம்பெனியில டிரைவருக்கென்னுங்க பஞ்சம்?” என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள்.

“அன்னைக்கும் இல்லீங்களே சார்” என்றேன்.

உரக்கச் சொல்லவில்லை. எனக்கு உரக்கப் பேசவும் வராது. ஆனால் அறைக் கோடியிலிருந்த ஸ்டீம் டேபிளில் புஸ்ஸென்ற சத்தம் நின்றது. அயர்ன் மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு அப்படியே நின்றார். மேனேஜர் வெட்டிய எலுமிச்சையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் பார்த்தார். பிறகு, “வேலையப் பாருங்க கண்ணு” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குப் போய்விட்டார். அப்போதும் ‘ங்க’ விடவில்லை.

வேலையைப் பார்த்தேன். கார்டைத் திரும்ப எடுத்து, ஸ்டிக்கரைச் சுரண்டிப்போட்டு, சிப்பைத் துணியால் துடைத்து எண்ணைப் படித்தேன். உன் பென் டிரைவில் அதற்கான டிரைவர் இருந்தது. ஏற்றியதும் திரையிலிருந்த மஞ்சள் எச்சரிக்கை அடையாளம் மறைந்தது. நெட்வொர்க் முகவரி கொடுத்தேன், ஒயரைச் செருகினேன், பின்னால் பச்சை விளக்கு துடித்தது. பெயரை மட்டும் மாற்றவில்லை. மேனேஜர் அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அவருக்கு ஸ்டிக்கர் அடித்து வந்தால் போதும். என் சீட்டுக்குப் போய் உன் பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து பதில் வந்தது. கம்ப்யூட்டர் கொடுக்கிற பதில் அது. உன்னுடையது என்று நினைத்துக்கொள்ளுமளவுக்கு நான் அசடில்லை. ஆனால் அந்த வரிகளைப் பார்த்தபிறகு என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மொட்டைமாடிக்குப் போனேன். உன் போனில் காசு தீர்ந்த நாளெல்லாம் என் போனில்தான் ஊருக்குப் பேசுவாய். ‘அக்கா வீடு’ என்று அந்த எண் இன்னும் இருந்தது. உன் அம்மா எடுத்தார்.

“யாரு?”

“திருப்பூருங்கம்மா. அக்காகூட வேலை பாத்தேனுங்க.” அதற்குமேல் முன்னுரை எதுவும் வரவில்லை. “அன்னைக்கு வேன்ல டிரைவர் இல்லீங்கம்மா. அவரு லீவுங்க. ஓட்டத் தெரியாதவர்ட்ட மேனேஜர் சாவியக் குடுத்துட்டாருங்க. டிரைவர் அண்ணன் ஒண்ணும் பண்ணலீங்க.”

அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

“தெனமும் அவனையில்லா வைதுட்டு இருக்கேன்” என்றார் உன் அம்மா. பிறகு, “நீ யாருட்டி? ஊடு ஊடுன்னு சொல்லுவாளே, அந்தப் பிள்ளையா?”

“ஆமாங்கம்மா.”

“அந்தக் கம்பெனியிலதான் இன்னும் இருக்கியா?”

“ஆமாங்கம்மா.”

“நாறலையாட்டி உனக்கு?”

“நாறுதுங்கம்மா” என்றேன்.

அதை யாராவது ஒருவர் என்னிடம் கேட்கமாட்டார்களா என்றுதான் இத்தனை நாளும் அங்கே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. இனி எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் அந்த வாடை இருக்கிறது. உன் பென் டிரைவ் என் பை ஜிப்பில் தொங்குகிறது; மூடி தொலைந்துவிட்டது. திங்கட்கிழமை வருகிற பெண்ணிடம் பெட்டியின் பெயரைச் சொல்வேன். வேனில் ஏறும்முன் முன்சீட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்கவும் சொல்வேன்.