ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டாம்

முனிர்கா, புது தில்லி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஷ்ரவணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று நானே எழுதிவிட இம்முறை கை வரவில்லை, அதனால் கேட்கிறேன், சௌக்கியமா? இதைக் கையால் எழுதிப் படமெடுத்து மாட்டுப்பெண் ஸ்நேகாவின் போனுக்கு அனுப்புகிறேன், தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. நீ எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாய், வரிகள் ஆடினால் அவளையே படிக்கச் சொல்.

இங்கே பனிமூட்டம் தொடங்கிவிட்டது, எதிர் பிளாக் தெரிவதில்லை. திங்கட்கிழமை விடிகாலை டிவியில் உன் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் பார்க்க அச்சுதன் மாமாவும் மேதா மாமியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடியிறங்கி வந்துவிட்டார்கள். குவார்ட்டர்பேக் என்றால் பந்தை வாங்கி எறிகிறவன், எதிரணி மொத்தமும் அவனைச் சாய்க்கத்தான் ஓடிவரும் என்று நான்தான் அவர்களுக்குப் பாடம் எடுத்தேன். இருவர் உன்னைத் தள்ளியபோது உன் தலை தரையில் பட்டு ஒருமுறை துள்ளியது. நீயாகவே எழுந்தாய். ஷேர் மாதிரி, சிங்கம் மாதிரி எழுந்துட்டான் பாருங்கோ டீச்சர் என்று மாமா கைதட்டினார். நீ நேராக எதிரணிக்காரர்கள் கூடி நின்ற இடத்துக்குப் போய் அவர்கள் நடுவில் தலைகுனிந்து நின்றாய். தள்ளினவனுக்கே கை கொடுக்கப் போறான், வளர்ப்பு அப்படி என்றார் மாமா. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவர்களில் ஒருவன் உன் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி அனுப்பினான். பிறகு நீ எறிந்த பந்தில் ஜெயித்தீர்கள், மாமி கேசரி கிளறி மாடி மாடியாகக் கொடுத்தாள்.

புதன்கிழமை போன் செய்தாய். நன்றாகத்தான் பேசினாய். நடுவில், அப்பா வாக்கிங் போயிட்டு வந்தாச்சாம்மா என்று கேட்டாய். போன வருஷம் ஹரித்வாரில் அப்பாவை உன் கையால்தான் கரைத்தாய், தண்ணி ஐஸா இருக்கும்மா, அப்பாவுக்குக் குளிருமே என்றாய். போன மாதம் திதிக்கு வாத்தியார் வீடியோவில் சொல்லச் சொல்ல அங்கிருந்தே எள்ளும் தண்ணீரும் விட்டாய். அப்பா பெயரைச் சொன்ன அதே வாய். நானும், இன்னும் வரலைடா, பனி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டேன். மஃப்ளர் எடுத்துண்டு போனாரா என்று கேட்டுவிட்டு நீ ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். அதிலிருந்து காலையில் கீழே இரும்பு கேட் சத்தம் கேட்டால் பால்கனிக்குப் போய்விடுகிறேன். பனிக்குள் மஃப்ளர் சுற்றிய உருவம் ஒன்று வருகிறது, கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆகிவிடுகிறது.

ஸ்நேகாவைக் கேட்டேன். டாக்டர் கிட்ட ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டான், என்னையும் வாயைத் திறக்காதேங்கிறான் என்று அழுதாள். அவளைக் கோபிக்காதே. எத்தனையோ வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்த இடம், உனக்கு முன்னால் அந்த இடத்தில் ஆடினவனுக்கு முழங்கால் போனதால் இப்போதுதான் உனக்குக் கிடைத்தது, விட்டால் இன்னொருவன் நிற்பான், தெரியும். என் வகுப்பில் ராஜவேல் என்று ஒரு பையன். விளையாடும்போது தண்ணீர்த் தொட்டியில் தலை இடித்துக்கொண்டு, ஒண்ணுமில்லை டீச்சர் என்று வந்து உட்கார்ந்தான். போர்டில் தேதி எழுதச் சொன்னேன், முத்து முத்தாக எழுதினான், வருஷம் மட்டும் போன வருஷம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்று கரோல் பாகில் மெஸ் நடத்துகிறான், ஒரு பைசா கணக்கு தப்பாமல் வியாபாரம் செய்கிறான். அடிபட்டவனுக்குத் தன் தப்பு தெரியாதப்பா, பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். உன் அணி என்று நினைத்து நீ எதிரணிக் கூட்டத்தில் போய் நின்றதை நான் பார்த்தேன், சொல்கிறேன். இதை டாக்டரிடம் காட்டு, ஸ்நேகா இங்கிலீஷில் படித்துச் சொல்லட்டும். நீ காட்டாவிட்டால் அவள் காட்டுவாள், அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

தலைக்குக் குல்லாய் போட்டுக்கொள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்த மலைமந்திர் முருகன் உன்னைக் கைவிடமாட்டான், தீர்க்காயுசாக இரு. அடுத்த முறை பேசும்போது அப்பா எங்கேடா என்று நானே கேட்பேன். சரியான பதில் சொல். அழுதுகொண்டே சொன்னாலும் பரவாயில்லை.

ஆசிகளுடன்,
உன் அம்மா
மீனாக்ஷி