ஒரே லைனில் இரண்டு காவல்

நிலவுக் கிடங்கு 3. பதிவு செய்பவர்: சலேத் மேரி, காப்பாளர்.

நாள் 211, 09:00
உறைபெட்டி மைனஸ் 80. உள்ளே 96 குழாய்கள்: கரிக்காய்ச்சலில் பிழைத்தவர்களின் ரத்தம். பூமியில் இருந்தவை மின்வெட்டில் கெட்டுவிட்டன. மருந்து செய்ய இவைதான் மிச்சம். கம்ப்ரசர் நின்றால் திரவ நைட்ரஜன் தானாகப் பாயும். ஆனால் அதன் வால்வும் கம்ப்ரசரும் ஒரே மின்லைனில். மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன். "இரண்டும் ஒன்றாகப் பழுதாக வாய்ப்பில்லை" என்று பதில்.

நாள் 214, 11:20
இரண்டும் ஒன்றாகப் பழுதாகிவிட்டன. சூரியத் தகடுகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகிப்போனது. மைனஸ் 68. மைனஸ் அறுபதைத் தாண்டினால் ரத்தம் வீண். வெளியே வெயில் நூறு டிகிரி. வால்வைக் கையால் திறந்தேன். கையுறை கிழிந்து இரண்டு விரல்கள் வெளுத்துவிட்டன. மைனஸ் 79.

நாள் 216, 10:05
மணிக்கொரு முறை திறந்து மூடுகிறேன். விரல்களில் உணர்வில்லை. தரைக்கட்டுப்பாட்டில் சேர்மக்கனி.
"மேரி, கப்பல் கெளம்பிட்டு. இன்னும் நாலு நாளு. தாங்குமாம்மா?"
"நைட்ரஜன் ரெண்டு நாளைக்குத்தான் காணும், அண்ணாச்சி."
தாள் புரட்டும் சத்தம்.
"பேட்டரி இருக்குல்லா?"
இருக்கிறது. இந்த அறையின் காற்று அதில்தான் ஓடுகிறது.

நாள் 218, 15:40
நைட்ரஜன் தீர்ந்தது. பேட்டரியைக் கம்ப்ரசருக்குக் கொடுத்தேன். விண்ணுடைக்குள் இருக்கிறேன். காற்று உருளைகள் நான்கு. ஒன்று அரை நாளுக்கு. கப்பல் வந்ததும் நானும் ஏறிவிடுவேன். போதும். மைனஸ் 74.

நாள் 220, 08:30
கப்பல் இறங்கிவிட்டது. ஆளில்லாக் கப்பல். இருக்கை இல்லை, காற்றும் இல்லை.
"சாம்பிளுக்கு மட்டுந்தான்மா அது. ஆள் ஏத்துற கப்பல் இன்னும் பதினோரு நாளு. தலைமையகத்துல எங்கிட்டயும் மறைச்சிட்டானுவ. சத்தியமா தெரியாது மேரி."
96 குழாய்களையும் ஏற்றினேன். வேறென்ன செய்ய? மைனஸ் 71. ஒன்றுகூட உருகவில்லை.

நாள் 220, 15:00
காலையிலேயே பேட்டரி செத்துவிட்டது; அறைக்குத் திருப்ப ஒன்றுமில்லை. கடைசி உருளை. நாற்பது நிமிடம்.
விண்ணுடை ரேடியோவில் அண்ணாச்சி இணைப்பை விடவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது.
15:38. தலைமையகத்திலிருந்து இப்போது ஒரு செய்தி: "அனுமதியின்றி பேட்டரி இணைப்பை மாற்றியது ஏன்? காப்பாளர் முப்பது நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்."
முப்பது நா